அந்தப் பக்கம் மழை உண்டா?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் காலைப் பாசஞ்சரில் ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கினேன். ரயில் நிலையம் இருப்பது தாமிரபரணியின் தென்கரையில், புதுக்குடியில். ஸ்ரீவைகுண்டம் ஊர் அக்கரையில். புரட்டாசி மாதம், எட்டு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. நிலையத்துக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரர் டம்ளரை அலசிக்கொண்டே கேட்டார்:

"திருநவேலியில இருந்தா வாரிய? அந்தப் பக்கம் மழை உண்டா?"

"இல்ல அண்ணாச்சி, வெயில்தான்."

"நல்லது" என்றார்.

மழை இல்லை என்று சொன்னால் உச்சுக்கொட்டும் ஊர்களில்தான் நான் வளர்ந்தேன். அதைக் கேட்டு ஒரு மனிதர் நிம்மதியாக மூச்சு விட்டதை அன்றுதான் பார்த்தேன். நான் முழிப்பதைக் கண்டு, கையால் தண்டவாளத்தைக் காட்டினார். "அந்த ரயிலு நின்ன இடம் இதுதான். தெரியும்லா?"

தெரியும். தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய எக்ஸ்பிரஸ், இந்த நிலையத்துக்கு மேல் போக முடியாமல் நின்றது. அடுத்த நிலையமான தாதன்குளத்துப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்கரையும் அடித்துப் போயிருந்தன. வண்டியில் சுமார் 800 பேர். ஒரு பகுதியினரைப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். மற்றவர்கள் ரயிலிலேயே இருந்தார்கள். சுற்றிலும் வெள்ளம். மீட்புப் படை வந்து சேர்ந்து, எல்லாரையும் வெளியே கொண்டுவர 19-ஆம் தேதி ஆகிவிட்டது. அதுவரை சோறு போட்டது புதுக்குடி ஊர்.

"அவுகளுக்கு மட்டுமா பொங்கினோம், எங்களுக்கும் அதுதான் சோறு" என்றார் கடைக்காரர். "எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. கோயிலு மேடு. இருக்கிற அரிசியெல்லாம் அங்கன கொண்டு போயாச்சு. நனையாம மிஞ்சின அரிசி யாரு வீட்டுல இருந்துச்சு தெரியுமா? பரண்ல வச்சிருந்தவுக வீட்டுல. அன்னையிலிருந்து எங்க வீட்டுலயும் ஐப்பசி பொறந்தா அரிசி மூட்டை பரண்லதான்."

டீக்குக் காசு வாங்க மறுத்தார். ரயிலில் வந்து இறங்குகிறவர்களிடம் அந்த ஊருக்கு ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது போலிருக்கிறது.

கரையும் கரையும்

ரயில் பாதையை ஒட்டிய சாலையில் மேற்கே கொஞ்ச தூரம் நடந்தேன். வெள்ளத்துக்குப் பிறகு வந்த படங்களில் தண்டவாளம் மட்டும் துணிகாயப் போடும் கொடி மாதிரி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதன் அடையாளமே இல்லை. கரை உயர்ந்து, கருங்கல் ஜல்லி வெயிலில் மின்னுகிறது.

ஆனால் நின்று நான்கு பக்கமும் பார்த்தால் கதை புரிகிறது. ரயில் கரைக்கு வடக்கே ஆறு. தெற்கே குளங்கள். குளங்கள் நிறைந்து வழியும் தண்ணீருக்கு ஆற்றையோ கடலையோ நோக்கித்தான் வாட்டம். குறுக்கே ரயில் கரை. அதற்கு இணையாகச் சாலை. நாம் பயணம் போவதற்காகப் போட்ட கரை, தண்ணீருக்கு அணையாகிவிடுகிறது. நடுவில் விட்டிருக்கும் பாலக் கண்களின் வழியாக வழக்கமான மழை போய்விடும். அன்று வந்தது வழக்கமான மழையாக இல்லை.

எவ்வளவு பெய்தது? 18-ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., காயல்பட்டினத்தில் 95 செ.மீ. உள்ளே வடக்கே தள்ளியிருக்கிற கரிசல் பூமி கோவில்பட்டியில்கூட அரை மீட்டர் அளவுக்கு. வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்தாலே அது 'அதி கனமழை'. அளவை வைத்துக் கொடுக்கும் பெயர்களில் அதுதான் கடைசி. காயல்பட்டினத்தில் பெய்தது அந்தக் கடைசிப் பெயருக்கான அளவைப்போல நாலரை மடங்கு.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை சுமார் 65 செ.மீ. தமிழ்நாட்டில் குறைவாக மழை பெறும் மாவட்டங்களில் ஒன்று. உப்பு விளைவதே வெயில் அதிகம், மழை கம்மி என்பதால்தான். அப்படிப்பட்ட மாவட்டத்தின் ஒரு ஊரில் ஒன்றரை வருஷத்து மழை ஒரே நாளில் இறங்கியது.

கடைசி அணைக்கட்டு

ஆற்றைக் கடக்கும் வழியில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. பொதிகையிலிருந்து புன்னக்காயல் வரை சுமார் 125 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆற்றுக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியானது இது, வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. இங்கிருந்து வடகால், தென்கால் என இரண்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. வடகாலின் தண்ணீர் கோரம்பள்ளம் குளம் வரை போகிறது. தென்காலின் தண்ணீர் கடம்பாகுளம் வழியாக ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் திருச்செந்தூர்ப் பக்கத்துக் குளங்களுக்கும் போகிறது.

அணைக்கு மேற்கே ஆற்றுக்குள் நடுவில் மண்மேடு. அதில் அமலையும் நாணலும். அணைக்கட்டில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு சுருங்கிவிட்டது என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போய், 2015-ல் தூர்வாரும் வேலை தொடங்கியது. ஆறு மறுபடி மண்ணைக் கொண்டுவருகிறது. ஆற்றின் வேலை அது.

'வற்றாத பொருநை' என்று இந்த ஆற்றைச் சொல்லக் காரணம், இதன் தலைமாட்டில் இரண்டு பருவமழையும் பெய்வதுதான். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழைச் சாரலை நம்பிக் கார் சாகுபடி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசானம். மலையடிவாரத்தில் 143 அடி பாபநாசம் அணையும் 118 அடி மணிமுத்தாறு அணையும் மலையில் பெய்வதைப் பிடித்துவைத்துத் தவணை முறையில் கீழே விடும். கார், பிசானம், எட்டு அணைக்கட்டு, குளங்களின் சங்கிலி என்று இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கிறது: பெருமழை மலையில் பெய்யும், சமவெளிக்குத் தண்ணீர் ஆற்றின் வழியாக வரும்.

அன்று மலையிலும் பெய்தது, அணைகளும் திறக்கப்பட்டன. ஆனால் கொட்டித் தீர்த்தது சமவெளியில், அணைகளுக்குக் கீழே, கடலோரத்தில். அணைக்குக் கீழே விழும் தண்ணீரை எந்த அணையாலும் பிடிக்க முடியாது. ஆற்றில் வந்த வெள்ளமும் ஊர்களில் பெய்த வெள்ளமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் கடலுக்குப் போகப் பார்த்தன. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. திருநெல்வேலி–தூத்துக்குடி நெடுஞ்சாலை துண்டானது. ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலையை ஆறு கொண்டுபோனது.

1992 நவம்பரிலும் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. இந்தக் கரையில் ஐம்பது வயது தாண்டியவர்கள் எல்லாரும் அதைச் சொல்கிறார்கள். அது மலை அனுப்பிய வெள்ளம். மேலிருந்து கீழே வந்தது. 2023-ஐப் பற்றி அணைக்கட்டுக் கரையில் ஆடு மேய்த்த பெரியவர் சொன்னது வேறு மாதிரி: "அப்போ ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள வந்துச்சு. இப்போ ஊருத் தண்ணி ஆத்துக்குள்ள போவ இடம் இல்லாம நின்னுச்சு."

இரண்டு வாய்

அங்கிருந்து ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை வழியாகக் கடம்பாகுளத்துக்கு. இந்தப் பகுதியின் பெரிய குளங்களில் ஒன்று. கரைமேல் ஏறி நின்றால் அக்கரை பனைமரங்கள் விரலளவு தெரிகின்றன. குளத்தில் தண்ணீர் ஒரு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. மீதியில் எருமைகள் மேய்ந்தன. கரையோரத்தில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டுப் பேச வந்தார்.

"குளத்துக்கு ரெண்டு வாய் உண்டு, கேட்டுக்கிடுங்க. ஒண்ணு மடை. வயலுக்குத் தண்ணி கொடுக்கது. இன்னொண்ணு மறுகால். கூடுனத வெளியேத்துறது. மடை அடைஞ்சா பயிரு சாவும். மறுகால் அடைஞ்சா ஊரு சாவும்."

"எது அடைஞ்சிருக்கு?"

சிரித்தார். "மடையில தண்ணி வரலன்னா மறுநாளே நாப்பது பேரு மனு எழுதிட்டுப் போவோம். மறுகால எவன் பாக்கான்? நாலு வருசத்துக்கு ஒருதரம் பாயும். மூணு வருசம் காஞ்சு கெடக்கிற ஓடைய மனுசன் சும்மா விடுவானா?"

அவர் சொன்னதன் அர்த்தம் அடுத்த ஊரில் கண்ணுக்கே தெரிந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஊருக்கும் பொருந்தும். சின்னக் குளம். பழைய கல் மறுகால் அகலமாக, கம்பீரமாக இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் ஓடையை நான் காலடியால் அளந்துகொண்டே போனேன். மறுகாலடியில் 40 அடி இருந்தது, வாழைத்தோட்டத்தை ஒட்டி 25 ஆனது. உடைமரம் மண்டிய இடத்தில் எத்தனை அடி என்று பார்க்க உள்ளே நுழைய முடியவில்லை. தார்ச்சாலை வந்ததும் மொத்தத் தண்ணீரும் இரண்டு சிமெண்டுக் குழாய்களுக்குள் போக வேண்டும். சாலைக்கு அந்தப்புறம் ஓடையே இல்லை. மனைப் பிரிவுக்கான மஞ்சள் கற்கள் ஊன்றியிருந்தன.

இங்கே குளங்கள் தனித்தனி இல்லை. மேல்குளத்தின் மறுகால் தண்ணீர்தான் கீழ்க்குளத்துக்கு வரத்து. பஞ்ச காலத்தில் இந்தச் சங்கிலி உயிர் காக்கும்; ஒரு சொட்டும் கடலுக்கு வீணாகப் போகாமல் குளம் குளமாக நிறைத்துக்கொண்டு போகும். அதே சங்கிலி பெருமழையில் எமனாகும். மேலே ஒரு கரை உடைந்தால் அந்தக் குளத்தின் மொத்தத் தண்ணீரும் அடுத்த கரையில் மோதும், அதுவும் தாங்காது. கட்டியவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் மறுகாலை அத்தனை அகலமாகக் கட்டியிருக்கிறார்கள்.

"அந்த வெள்ளத்துல வாழை என்னாச்சு?" என்று கடம்பாகுளத்துக்காரரிடம் கிளம்பும்போதே கேட்டிருந்தேன்.

"குலை தள்ளுற பருவம். மூணு நாளைக்கு மேல தண்ணி நின்னா வாழை வேரு அழுகிப் போவும். எங்களுக்கு ஒரு வாரம் நின்னுச்சு. தண்ணி வடிஞ்ச பெறவு பாத்தா வயல் முழுக்க மணல். அத அள்ள ஆன செலவுல இன்னொரு வாழையே போட்டிருக்கலாம்."

95 என்றால் என்ன?

காயல்பட்டினத்தில் வெயில் தணியும் நேரம். நீளமான தெருக்கள், நடுவே பெண்கள் நடமாடுவதற்கென்றே விட்ட குறுகிய முடுக்குகள். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் தேயிலை கொடுத்தார்கள். அவரை ஊரில் எல்லாரும் காக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. சுவரில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு கோடு. வெள்ளையடித்தும் அந்தக் கோடு மட்டும் மறுபடி மறுபடி மேலே வருகிறதாம்.

"ராத்திரி முழுக்க ஒரே சத்தம், காக்கா" என்றேன், அவர் சொல்லத் தொடங்கட்டும் என்று.

"சத்தமில்லை. சத்தம்னா கூடும், குறையும். இது ஒரே மாதிரி. கூரைமேல லாரியில மணல் கொட்டுன மாதிரி விடிய விடிய. கடல் கிட்டத்துலதானே, ஓடிரும்னு நினைச்சோம். கடல் ஓரம் மணல்மேடு, ஊருதான் தாழ்வு. தண்ணி போக வழி தெரியாம சுத்திச்சு. நாள் கணக்கா நின்னுச்சு."

95 செ.மீ. என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கர் நிலத்தில் 95 செ.மீ. மழை பெய்தால் சுமார் 38 லட்சம் லிட்டர். ஊருக்குள் குடிநீர் கொண்டுவரும் 12,000 லிட்டர் லாரி 320 வர வேண்டும், அந்த ஒரு ஏக்கருக்கு மட்டும். காக்கா கணக்கைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "அந்த லாரி போன கோடையில எங்க தெருவுக்கு வந்துச்சு."

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? அன்று புயல் இல்லை. புயலென்றால் பெயர் வைத்திருப்பார்கள், எண் வைத்துக் கூண்டு ஏற்றியிருப்பார்கள். குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி மட்டும்தான். அது நகராமல் நின்றது. கிழக்குக் காற்று கடலின் ஈரத்தை அள்ளி அள்ளி இந்தக் கரையின் ஒரே துண்டுமேல் இரவெல்லாம் கொட்டியது.

காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். இது இயற்பியல் விதி, விவாதத்துக்கு இடமில்லை. இந்த 7 சதவீதம் மட்டுமே 95 செ.மீ.யைக் கொண்டுவந்துவிடாது. சுழற்சி எங்கே நிற்கும், எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதெல்லாம் சேர்ந்தே ஒரு மழையை முடிவு செய்கின்றன. ஆனால் அப்படி ஒரு சுழற்சி வந்து நிற்கும்போது அதன் கையில் இருக்கும் சரக்கு முன்பைவிடக் கூடுதல். புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட இந்திய காலநிலை மதிப்பீட்டின்படி, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையில் ஏறத்தாழ 1 டிகிரி சூடாகியிருக்கிறது.

சூடான காற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதற்குத் தாகம் அதிகம். மழை இல்லாத நாட்களில் மண்ணிலிருந்தும் குளத்திலிருந்தும் இலையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சும். ஆக, ஒரே காரணம் இரண்டு வேலை செய்கிறது: பெய்யாத நாளை இன்னும் வறட்சியாக்குகிறது, பெய்கிற நாளை இன்னும் கொடுமையாக்குகிறது.

இதை எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிப் பங்குவைத்துப் பார்க்க முடியாது. அதே அறிக்கை சொல்கிறது: 1951–2015 காலத்தில் நாட்டின் ஜூன்–செப்டம்பர் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்தது, கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்தக் குறைவு எடுப்பாகத் தெரிந்தது. அதே காலத்தில் மத்திய இந்தியாவில் ஒரு நாளில் 15 செ.மீ.க்கு மேல் கொட்டும் மழைகள் சுமார் 75 சதவீதம் கூடின. மொத்தம் குறைந்த அதே காலத்தில் கொட்டுவது கூடியது. நம் வடகிழக்குப் பருவமழையோ முன்பே மனம்போனபடி வரும் சுபாவம். 2015-ல் சென்னையை மூழ்கடித்தது. மறுவருஷம் 2016-ல் அதே பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. 2023 ஆகஸ்ட், இந்தியா 1901-க்குப் பிறகு காணாத வறண்ட ஆகஸ்ட். டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் சென்னையில். இரண்டு வாரத்தில் வெள்ளம் இங்கே.

இதற்கெல்லாம் சராசரி போட்டால் ஒழுங்கான ஒரு எண் வரும். அந்த எண்ணின்படி மழை பெய்த வருஷம் எது என்று கேட்டால் காக்காவும் சொல்லமாட்டார், கடம்பாகுளத்துக்காரரும் சொல்லமாட்டார்.

செம்மண் கடல்

மறுநாள் உடன்குடி வழியாகச் சாத்தான்குளம் பக்கம். காயல்பட்டினத்திலிருந்து 30 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் வேறு நாடு. ஆறு எட்டாத பூமி இது. பனையும் உடையும் முந்திரியும் நிற்கும் தேரிக்காடு. காற்று கொண்டுவந்து குவித்த செம்மணல் மேடுகள். மணலின் மேலே படிந்த இரும்புத்துரு இந்தச் சிவப்பு. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். இருபது அடி போவதற்குள் மறுபடி மாட்டிக்கொண்டேன்.

பதநீர்ப் பருவம் முடிந்துவிட்டது. கருப்பட்டி காய்ச்சும் விளையில் அடுப்பு மட்டும் கரிபிடித்து நின்றது. பக்கத்து வீட்டு அம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், உப்பு. முகம் சுளிக்காமல் குடிக்கப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, உள்ளே போய் வேறு செம்பில் கொண்டுவந்தார்.

"மொதல்ல கொடுத்தது கெணத்துத் தண்ணி. இது மழத் தண்ணி. கூரையில விழுதத துணியில வடிகட்டிக் குடத்துல புடிச்சு வைப்போம். மானம் கறுத்தா மொத வேல குடத்த வெளிய வைக்கதுதான். அது கெடக்கட்டும், திருச்செந்தூர்ப் பக்கம் மழ உண்டாய்யா?"

அதே கேள்வி. இந்த முறை "இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிணறு உப்பானதற்கும் கணக்கு உண்டு. கடலோர நிலத்துக்குள் நல்ல தண்ணீர், கடல்நீரைவிடக் கொஞ்சம் லேசானது என்பதால் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் நிற்கும். மேலே 1 மீட்டரை இறைத்துவிட்டால் கீழேயிருந்து உப்பு 40 மீட்டர் ஏறத் தொடங்கும். மழை கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்து மணலுக்குள் இறங்கினால்தான் அந்த மிதவை மீண்டும் கனக்கும்.

"அந்தப் பெரிய மழையில கெணறு நல்லாயிருக்கணுமே அம்மா?"

"ஆயிருச்சு. கொஞ்ச நாளு தித்திப்பாத்தான் இருந்துச்சு. அந்த மழையில முக்காவாசி ஓடிப் போச்சேய்யா. நின்னு பெஞ்சாத்தான கெணத்துக்கு."

அந்த 17-ஆம் தேதி சாத்தான்குளத்திலும் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. வறட்சிக்குப் பேர்போன ஊரிலும் வெள்ளம்தான். அது கடலுக்குப் போனது. தாகம் இங்கேயே இருந்தது.

தேரியைத் தாண்டித் தெற்கே போனால் தருவைகள். வைரவம் தருவை, புத்தன்தருவை என்று பெயர்கள். குளம் மாதிரி இருக்கும். கரை கட்டிய குளம் இல்லை. மணல் மேடுகளுக்கு நடுவே இயற்கையாக அமைந்த பரந்த தாழ்வு. பெருமழை வருஷத்தில் நிறையும், பறவைகள் வரும். மற்ற வருஷங்களில் வெடித்த மண்ணாகக் கிடக்கும். நான் போனபோது ஆட்டுக் கிடை போட்டிருந்தார்கள். எப்போதோ வரும் தண்ணீருக்கென்று இடத்தைக் காலியாக விட்டுவைக்கும் நிலம். மறுகால் ஓடையில் மஞ்சள் கல் ஊன்றியவர்கள் இதை வந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஆற்றின் உபரியை இந்தப் பக்கம் கொண்டுவரும் யோசனை புதிதல்ல. சடையனேரிக் கால்வாய் அப்படி வந்ததுதான். 2009-ல் தொடங்கியது தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்பு. கன்னடியன் கால்வாயிலிருந்து எம்.எல். தேரி வரை சுமார் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய். கடலுக்குப் போகும் உபரியில் 2,765 மில்லியன் கனஅடியைத் திசையன்விளை, சாத்தான்குளம் வறண்ட பகுதிகளுக்குத் திருப்புவது நோக்கம். 2025 பிப்ரவரியில் திறந்து வைத்தார்கள். பதினாறு வருஷம். நடுவில் 2016-ன் வறட்சியும் வந்துபோனது, 2023-ன் வெள்ளமும் வந்துபோனது.

இந்தக் கால்வாயை வறட்சிக்கான திட்டம் என்று சொல்வதா, வெள்ளத்துக்கான திட்டம் என்று சொல்வதா? ஆற்றங்கரைக்காரருக்கு அது மறுகால். தேரிக்காரருக்கு அதுவே மடை. நிவாரண அறிவிப்புகளில் வெள்ளமும் வறட்சியும் வேறுவேறு தலைப்புகளில் வரும். இந்த 30 கிலோமீட்டரில் அவை ஒரே தண்ணீரின் இரண்டு முகங்கள். மழை பிரித்துப் பிரித்து வந்த காலத்தில் மடையை மட்டும் பார்த்துக்கொண்டு பிழைத்தோம். இனி மொத்தமாக வரும், அல்லது வராமல் இருக்கும். இரண்டுக்கும் இடம் ஒதுக்க வேண்டியது நிலத்தில்தான்: அடையாத மறுகால், அகலமான பாலக் கண், காலியாக விட்ட தாழ்வு, மணலுக்குள் இறங்க நேரம் கிடைக்கும் தண்ணீர்.

கடைசி பஸ்

சாத்தான்குளத்தில் சாயங்காலம் பஸ் ஏறினேன். நாசரேத், ஆழ்வார்திருநகரி வழியாக ஸ்ரீவைகுண்டம். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் மேற்கே, பொதிகைப் பக்கம் மின்னியது. சத்தம் கேட்கவில்லை, வெளிச்சம் மட்டும். பஸ்ஸுக்குள் பேச்சு ஒரு கணம் நின்றது. முன் சீட்டில் ஒரு பையன் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தான். எனக்குப் பக்கத்திலிருந்தவர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

நடத்துநரின் கைப்பேசி அடித்தது. வீட்டிலிருந்து போலிருக்கிறது. டிக்கெட் கட்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டு பேசினார்.

"ஆமா, மேக்க மின்னுது... தெரியலட்டி, வந்தாலும் வரும். நீ ஒண்ணு செய்யி. குடத்தையெல்லாம் வெளிய எடுத்து வையி."

பேசி முடித்துவிட்டார் என்று நினைத்தேன். வெளியே மறுபடி மின்னியது. போனை மறுபடி காதில் வைத்தார்.

"அப்படியே அரிசியப் பரண்ல ஏத்திரு."